கொடிக்கு முன்னால் யாரும் போவதில்லை

பசந்த் கவுர் தன் கணவருக்குத் தலைப்பாகை கட்டிவிட ஆரம்பித்துப் பத்து மாதம் ஆகியிருந்தது.

லூதியானாவில் அவர்கள் தெருவில் ஆண்கள் கண்ணாடி கூடப் பார்க்காமல் ஐந்து கஜத் துணியைத் தலையில் சுற்றிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். ஜகீர் சிங்கும் பதின்மூன்று வயதிலிருந்து அப்படித்தான். ஒரு நாள் காலை பாதித் துணி தலையிலும் மீதி கையிலுமாக நின்றுவிட்டார். அடுத்த சுற்று எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கைக்குத் தெரியவில்லை.

"துணி சரியில்ல பசந்த்," என்றார்.

துணியில் ஒரு குறையும் இல்லை. பசந்த் கவுர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. இருபத்தேழு வருடம் ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் முதியோர் வார்டில் ஆயாவாக இருந்தவள் அவள். புரட்டிப் படுக்க வைப்பது, புண் கழுவுவது, ஊட்டுவது எல்லாம் முறையாகக் கற்றுக்கொண்டு செய்தவள். பாதி வேலையில் நின்றுபோன கைகளை எத்தனையோ பார்த்திருக்கிறாள். முதலில் கைக்கு மறக்கும். அப்புறம் வழி மறக்கும், பேர் மறக்கும், கடைசியில் சோற்றை விழுங்க மறக்கும். வரிசை ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். போய்ச் சேரும் இடம் மாறாது.

"உக்காருங்க சர்தார்ஜி. நீங்க ரொம்ப உசரம்," என்று முக்காலியை இழுத்துப் போட்டாள். மீதியை அவளே சுற்றி முடித்தாள். மறுநாளிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. அவர் ஏன் என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

டாக்டரிடம் காட்டினாள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு அவள் எதிர்பார்த்ததையே சொன்னார். பிறகு, "சைக்கிள் ஓட்டுவாரா?" என்று கேட்டார்.

"தினம் முப்பது, நாப்பது கிலோமீட்டர்."

"ஓட்டட்டும். காலுக்கு அவ்வளவு சீக்கிரம் மறக்காது. வழிதான் மறக்கும். தனியா விடாதீங்க."

ஜகீர் சிங் முப்பத்தெட்டு வருடம் சைக்கிள் பாகம் செய்யும் பட்டறையில் வேலை பார்த்தவர். பின் சக்கரத்துப் பல்சக்கரத்துக்குள் கடுகு போன்ற எஃகு குண்டுகளைக் கையாலேயே வைத்து மூடுவது அவர் வேலை. எண்ண மாட்டார். ஒன்று குறைந்தால் விரல் சொல்லிவிடும். அந்தப் பட்டறையில்தான் ஜத்தா என்ற யாத்திரைக் குழு உருவானது. மார்கழிக் குளிரில் லூதியானாவிலிருந்து சைக்கிளிலேயே கிளம்பி, பத்தாவது சீக்கிய குரு பிறந்த பாட்னாவுக்கு அவர் பிறந்த நாளுக்குள் போய்ச் சேருவது. ஆயிரத்து இருநூற்றைம்பது கிலோமீட்டர், பதின்மூன்று நாள். முதல் வருடம் ஒன்பது பேர் போனார்கள். இப்போது முப்பத்தொரு பேர்.

முன்னால் போகும் சைக்கிளின் கைப்பிடியில் ஒரு இரும்புக் குழாயைப் பற்றவைத்து, அதில் காவிக்கொடியை நிறுத்தியிருப்பார்கள். அந்த வண்டி ஜகீர் சிங்குடையது. இருபத்திரண்டு வருடமாக அவர்தான் ஜதேதார், அதாவது தலைவர். ஜத்தாவுக்கு எழுதி வைக்காத விதிகள் மூன்று. கொடிக்கு முன்னால் யாரும் போவதில்லை. கொடி வண்டியில் இருப்பவரிடம் யாரும் வழி பேசுவதில்லை. கொடியை அவராக இறக்கி வைக்கும்வரை யாரும் வாங்குவதில்லை.

பசந்த் கவுருக்கு இருந்தது ஒரே ஆசை. இந்த ஒரு தடவை அவர் கொடியோடு பாட்னா போய்ச் சேர வேண்டும். அங்கே, தான் செய்வது இன்னது என்று தெரிந்த மனிதராக, தன் கையாலேயே அதை இறக்கி வைக்க வேண்டும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் அவளுக்குப் பழகிய வேலை. துணி மாற்றுவாள், ஊட்டுவாள், கதவைப் பூட்டிவைப்பாள். விஷயத்தை இப்போதே சொன்னால் ஜத்தாவின் பெரியவர்கள் அன்பாகத்தான் நடந்துகொள்வார்கள். மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, ஒரு மூலையில் உட்கார வைப்பார்கள். மூலையில் உட்கார வைக்கப்பட்ட ஆண்கள் எத்தனை மாதம் தாங்குவார்கள் என்று அவள் வார்டில் பார்த்திருக்கிறாள். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. கனடாவில் இருக்கும் மகளிடம் கூடச் சொல்லவில்லை.

"இந்த வருஷம் நானும் வர்றேன், லாரியில," என்று மட்டும் சொன்னாள்.

முக்தியார் சிங் சிரித்தார். ஜத்தாவில் இரண்டாவது வண்டி அவருடையது. ஜகீர் சிங்கோடு ஒரே பெஞ்சில் வேலை பார்த்தவர். அவளை அண்ணி முறையில் பாபிஜி என்பார்.

"இருபத்திரண்டு வருஷம் கழிச்சு புருஷன்மேல சந்தேகமா பாபிஜி?"

"சந்தேகம் உங்க பருப்புமேல. போன வருஷம் பாதிப் பேருக்கு வயித்தால போச்சாமே."

"அது பருப்பு இல்ல. லக்கா கை கழுவாததால."

"அதையும் பாத்துக்கத்தான் வர்றேன்."

லக்கா சிங் லாரி ஓட்டுபவன். சமையல் சாமான், போர்வை, மாற்று டயர் எல்லாம் அந்த லாரியில்தான் வரும். நாற்பது வயது. வயிறு ஸ்டீயரிங்கைத் தொடும். சைக்கிள் ஏறினால் சைக்கிளுக்குத்தான் பாவம் என்று அவனே சொல்லிக்கொள்வான்.

பசந்த் கவுர் ஒரு ஏற்பாடு செய்தாள். தினமும் ஜத்தா கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்னால் லாரி கிளம்பும். சாலை பிரியும் இடத்திலெல்லாம் நிற்கும். அவள் இறங்கி, போக வேண்டிய வழியில் மஞ்சள் விளக்கோடு நிற்பாள். கொடி வண்டி விளக்கைப் பார்த்து வரும். அது கடந்து போனதும் மறுபடி ஏறி அடுத்த பிரிவுக்கு ஓட வேண்டும். மூடுபனிக் காலம், பத்தடிக்கு மேல் தெரியாது, அதனால்தான் விளக்கு என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தாள். எல்லாருக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது.

ஆறு நாள் நடந்தது. அம்பாலா, சஹாரன்பூர், மொராதாபாத், பரேலி. ஒவ்வொரு காலையும் லாரிக்குள் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு, உருளைக்கிழங்கு மூட்டையின் மேல் அவரை உட்கார வைத்துத் தலைப்பாகை கட்டினாள். வெளியே லக்கா தொண்டையைக் கனைப்பான்.

"ஜதேதார்ஜி, வெளிய வரலாமா? இல்ல, இன்னும் புது மாப்பிள்ளைதானா?"

வெளியில் முப்பது பேர் சிரிப்பார்கள். ஜகீர் சிங்கும் உள்ளே சிரிப்பார். கட்டி முடித்ததும் எழுந்து இறங்கிப் போய்க் கொடி வண்டியைப் பிடித்தால் ஆள் வேறு. முதுகு நிமிர்ந்துவிடும். கால் மிதிக்கட்டையைத் தானாகத் தேடிக்கொள்ளும். அவர் குரல் கொடுத்தால் முப்பது தொண்டைகள் பதில் கொடுக்கும். பார்க்கிறவர்கள் யாரும் இந்த மனிதருக்கு நோய் என்று சொல்ல மாட்டார்கள்.

ஆறாம் நாள் மாலை ஷாஜகான்பூர் குருத்வாராவில் தேநீர் குடிக்கும்போது அவளிடம் சொன்னார்: "நாளைக்கு பூரா சிங் பண்ணையில பால் காய்ச்சி வச்சிருப்பான். வெல்லம் போட்டு."

முதல் சில வருடங்களில் ஜத்தா அந்தப் பண்ணையில் தங்கும். பூரா சிங் செத்து ஒன்பது வருடம் ஆகிறது. பிள்ளைகள் நிலத்தை விற்றுவிட்டு வெளிநாடு போய்விட்டார்கள்.

"ஆமா, வச்சிருப்பான்," என்றாள். இந்த நோய்க்காரர்களோடு வாதாடக் கூடாது. வாதாடினால் அடம் பிடிப்பார்கள். வார்டில் முதல் வாரமே சொல்லிக்கொடுப்பது இது. அவள் பாட்டுக்கு அடுத்த ஆளின் கொப்புளத்துக்கு மருந்து போடப் போய்விட்டாள்.

ஏழாம் நாள் காலை ஜத்தாவில் வந்த துணிக்கடைக்காரர் ஒருவருக்குக் காய்ச்சலும் வாந்தியும். கண் உள்ளே போயிருந்தது. தோலைக் கிள்ளிப் பார்த்தாள், மடிப்பு அப்படியே நின்றது. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வாந்தியில் வந்துவிடும். அரை மணி நேர வேலை. அதற்குள் வெளியே பிரார்த்தனை முடிந்துவிட்டது. பிரார்த்தனை முடிந்தால் கொடி நிற்காது.

லக்கா எட்டிப் பார்த்தான். "பாபிஜி, அவங்க கெளம்பறாங்க. நாம?"

அவள் யோசித்தாள். நாற்பது கிலோமீட்டருக்கு நேர் சாலை. பெரிய சாலை. திருப்பமே இல்லை. விளக்குப் பிடிக்க வேண்டிய இடமும் இல்லை. கையில் இருக்கும் நோயாளியை விட்டுவிட்டு எழுந்து பழக்கமும் இல்லை.

"போகட்டும். பின்னாலேயே பிடிச்சிடலாம்," என்றாள்.

துணிக்கடைக்காரரை லாரியில் படுக்க வைத்துக் கிளம்ப முக்கால் மணி நேரம் ஆனது. வெள்ளைச் சுவருக்குள் போவதுபோல் லாரி ஊர்ந்தது. பதினைந்து கிலோமீட்டர் போயும் சைக்கிள்களின் பின்விளக்கு ஒன்று கூடக் கண்ணில் படவில்லை. இருபத்தைந்தாவது கிலோமீட்டரில், தேநீருக்கு நிற்பதாக இருந்த தாபாவில் கேட்டார்கள். யாரும் வரவில்லை என்றான் தாபாக்காரன்.

"முப்பது சைக்கிள் தொலைஞ்சு போகுமா பாபிஜி? ஊசியா அது?" என்றான் லக்கா. முக்தியார் சிங்குக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சைக்கிளில் போகும்போது போனைப் பைக்குள் போட்டுவிடுவார்கள்.

பசந்த் கவுர் கைவிளக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு, "பூரா சிங் பண்ணைக்கு எந்த வழி?" என்று கேட்டாள்.

"அது எப்பவோ... பெட்ரோல் பங்க்கிட்ட இடது பக்கம், கரும்பு ரோடு. ஏன்?"

"வண்டியத் திருப்பு."

நடந்தது என்ன என்று முக்தியார் சிங் பிறகுதான் சொன்னார். பெட்ரோல் பங்க் அருகே கொடி வண்டி கொஞ்சமும் தயங்காமல் இடது பக்கம் திரும்பியது. சாலையில் ஏதோ வேலை நடக்கிறது போலும், ஜதேதாருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்து முக்தியார் சிங்கும் திரும்பினார். அவருக்குப் பின்னால் வந்தவர் முக்தியார் சிங்குக்குத் தெரியும் என்று நினைத்தார். இப்படியே முப்பது பேரும் ஒருவர் பின்விளக்கை ஒருவர் பார்த்துக்கொண்டு ஒன்பது கிலோமீட்டர் போனார்கள். சாலை ஒடுங்கியது. தார் போய் மண் வந்தது. இரண்டு பக்கமும் கரும்பு. ஒருவர் கூட வாயைத் திறக்கவில்லை.

இரும்புக் கதவு ஒன்றின் முன்னால் கொடி நின்றது. பண்ணை இருந்த இடத்தில் உரக் கிடங்கு. ஜகீர் சிங் சைக்கிள் மணியை அடித்தார்.

"பூரா சிங், பால் காய்ச்சிட்டியா? முப்பது பேரு குளிர்ல நிக்கறோம்."

காவல்காரன் ஒருவன் போர்வையோடு வந்து பார்த்தான். "யாரு வேணும்? இங்க அப்படி யாரும் இல்லையே," என்றான்.

முப்பது பேரும் நின்றார்கள். சிலர் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் முக்தியார் சிங் சைக்கிளை விட்டு இறங்கி, கைகூப்பி, "ஜதேதார்ஜி, திரும்பலாமா?" என்றார். இருபத்திரண்டு வருடத்தில் கொடியிடம் யாரும் வழி பேசியது அதுதான் முதல் தடவை.

அப்போதும் தப்பித்திருக்கலாம். ஒவ்வொருவரும் நின்ற இடத்திலேயே சைக்கிளைத் திருப்பியிருந்தால் போதும். ஆனால் அப்படித் திருப்பினால் கொடி கடைசிக்குப் போய்விடும். மற்ற எல்லாரும் கொடிக்கு முன்னால் போனதாகிவிடும். அதனால் எல்லாரும் சைக்கிளோடு, திரும்பிப் போகும் திசைக்கு வலது ஓரமாக ஒதுங்கி, கொடி வண்டி வரிசையின் மறுமுனைக்குப் போக வழிவிட்டு நின்றார்கள். யாரும் சொல்லவில்லை, தானாகவே ஒதுங்கினார்கள். வரிசையின் மறுமுனையில் நின்றவன் தர்பாரா சிங். வலது ஓரத்தில், எதிர்த்திசை வண்டிகள் வரும் பக்கம், பெரிய சாலைப் பக்கமிருந்து சர்க்கரை ஆலைக்கு வந்துகொண்டிருந்த கரும்பு டிராக்டருக்கு நேராக.

டிராக்டருக்கு முன்விளக்கு ஒன்றுதான் இருந்தது. ஓட்டியவன் பிரேக் போட்டான். பின்னால் இருந்த பாரம் கேட்கவில்லை.

பசந்த் கவுர் போய்ச் சேர்ந்தபோது தர்பாரா சிங் கரும்புக் கட்டுகளுக்கு நடுவே மல்லாந்து கிடந்தான். நாற்பத்து நான்கு வயது, அதே தெருக்காரன், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவன், அவளைச் சித்தி முறையில் சாச்சி என்பவன். இரண்டு பேர் அவனைத் தூக்க அக்குளில் கை கொடுத்திருந்தார்கள்.

"கை எடுங்க. யாரும் தொடக் கூடாது," என்றாள். மண்டி போட்டாள். "தர்பாரா, என் விரலப் பிடி. இறுக்கிப் பிடி. சரி. கால் விரல ஆட்டு."

"ஆட்டறேனே சாச்சிஜி."

ஆடவில்லை. அவள் கீழே பார்த்தாள், மேலே அவன் முகத்தைப் பார்த்தாள். "நல்லது. அப்படியே இரு," என்றாள்.

இடது தொடை எலும்பு வளைந்திருந்தது. கட்டை வேண்டும். கிடைக்கவில்லை. பருமனான நான்கு கரும்பை எடுத்து, காலின் நீளத்துக்கு ஒடிக்கச் சொன்னாள். "துணி," என்றாள். முக்தியார் சிங் நடுத்தெருவில் தன் தலைப்பாகையை அவிழ்த்துக் கொடுத்தார். அடுத்தடுத்து இன்னும் நான்கு பேர் அவிழ்த்தார்கள். இரண்டு பக்கமும் கரும்பு வைத்து, இடுப்பிலிருந்து கணுக்கால்வரை சுற்றிக் கட்டினாள். உரக் கிடங்கின் கதவு ஓரத்தில் கிடந்த பலகையைக் கொண்டு வரச் சொல்லி, ஆறு பேரை ஒரே நேரத்தில் தூக்க வைத்து லாரியில் ஏற்றினாள். காய்ச்சல்காரர் எழுந்து இடம் கொடுத்தார்.

இத்தனைக்கும் நடுவில் ஜகீர் சிங் கொடி வண்டியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

"யாரது பசந்த்? நம்ம ஆளா?"

"நம்ம ஆள்தான்."

"பாத்து வரக் கூடாதா?" என்றார்.

லக்கா லாரியின் பின்கதவை ஏற்றி மூடினான்.

ஷாஜகான்பூருக்கே திரும்பினார்கள். அங்கே ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். தொடை சேரும். முதுகெலும்பு சேராது. இடுப்புக்குக் கீழே இனி எதுவும் வராது.

அன்று மாலை குருத்வாரா கூடத்தில் ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். ஜத்தாவில் எது முடிவு செய்வதானாலும் ஐந்து பேர் உட்கார்ந்துதான் செய்வார்கள். பசந்த் கவுரைக் கூப்பிட்டார்கள். முக்தியார் சிங் யாரிடமோ வாங்கிய நீலத் தலைப்பாகையில் வேறு ஆள் மாதிரி இருந்தார்.

"எப்பலேர்ந்து பாபிஜி?"

"பத்து மாசமா."

"நான் அவனோட ஒரே பெஞ்சுல முப்பது வருஷம் உக்காந்தவன். எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

அவர் மற்ற நான்கு பேரையும் பார்த்தார். "கொடிய வாங்கியிருப்போம்."

"அதான் சொல்லல."

"தர்பாராவுக்கு ரெண்டு பொண்ணுங்க."

"தெரியும். ரெண்டும் பொறந்தப்ப கையில வாங்கினதே நான்தான்."

அவள் அழுதிருந்தால் அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அழவில்லை. மறுநாள் காலையே கொடியை வாங்கிவிடுவது, ஜத்தா முக்தியார் சிங்கின் கொடியோடு பாட்னா போவது, ஜகீர் சிங்கும் பசந்த் கவுரும் தர்பாராவோடு ஊர் திரும்புவது என்று முடிவானது.

மறுநாள் முற்றத்தில் ஜகீர் சிங் கொடி வண்டியோடு தயாராக நின்றார். தலைப்பாகை ஒழுங்காக இருந்தது. முக்தியார் சிங் முன்னால் வந்து கைகூப்பினார்.

"பாயி, கொடிய எங்கிட்ட குடு."

"ஏன்?"

"கொஞ்ச நேரம் நான் பிடிக்கறேன்."

"உனக்கு என்ன ஆச்சு? கொடிய யாராவது நடுவழியில வாங்குவானா?" ஜகீர் சிங்கின் குரலில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முக்தியார் சிங் கையை நீட்டினார், தொட முடியவில்லை, இறக்கிக்கொண்டார். இருபத்தெட்டுப் பேரும் சைக்கிளோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். பறித்தால் பறிக்கலாம். யாருக்கும் கை வரவில்லை.

ஜகீர் சிங் முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். வெள்ளைக் கல் தரையையும் தங்க முலாம் பூசிய கலசத்தையும் பார்த்தார். "பாட்னா வந்துடுச்சா?" என்று கேட்டார்.

முக்தியார் சிங்கால் அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை. குருவின் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் பசந்த் கவுரைப் பார்த்தார்.

"வந்துடுச்சு சர்தார்ஜி," என்றாள் அவள். "இறக்கி வைங்க."

அவர் முகம் மலர்ந்தது. குழாயிலிருந்து கொடியை இரண்டு கையாலும் எடுத்து, நெற்றியில் ஒற்றிக்கொண்டு, படியில் சாய்த்து வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு விழுந்து வணங்கினார். எழுந்து, "எல்லாரும் நல்லபடியா வந்து சேர்ந்தாங்களா?" என்று கேட்டார். அவள் ஆசைப்பட்டது அத்தனையும், பாட்னாவிலிருந்து எழுநூறு கிலோமீட்டர் தள்ளி, ஒன்று விடாமல் நடந்தது. அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து அவர் செருப்பை ஓரமாக எடுத்து வைத்தாள்.

முக்தியார் சிங் கொடியை எடுத்தார். பிரார்த்தனை நடந்தது. ஜத்தா பனிக்குள் போனது. ஜகீர் சிங் கையை ஆட்டினார். திரும்பி ஊருக்குப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

ஊருக்கு வந்த பிறகு அவர் பாட்னாவைக் கேட்கவே இல்லை. அதுதான் போய் வந்தாயிற்றே. சைக்கிளையும் கேட்கவில்லை. டாக்டர் சொன்னதற்கு மாறாக, மிதிப்பதை நிறுத்திய ஆறு வாரத்தில் காலும் மறந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கரண்டியை எதற்கு என்று பார்த்தார். கனடாவிலிருந்து மகள் போனில் அழுதாள். "அழுது என்ன? போன் செலவுதான்," என்றாள் பசந்த் கவுர். அதற்காக மகள் இரண்டு வாரம் பேசவில்லை.

பாட்னாவிலிருந்து திரும்பியதும் முக்தியார் சிங் பிரசாதம் கொண்டு வந்தார். வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போனார். அதன் பிறகு வரவில்லை.

மாசி முடியும்போது தர்பாரா சிங்கை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நான்கு வீடு தள்ளி. பசந்த் கவுர் மறுநாள் காலை பத்து மணிக்கு, ஜகீர் சிங்குக்கு ஊட்டி முடித்து, கதவை வெளியில் தாழிட்டுவிட்டுப் போனாள். தர்பாராவின் மனைவி சரண் கவுர் வாசலில் நின்றாள். முன்பெல்லாம் வாய் நிறைய சாச்சி, சாச்சி என்று கூப்பிடுகிறவள்.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ புரட்டணும். உனக்குச் சொல்லிக் குடுத்தாங்களா?" என்று கேட்டாள் பசந்த் கவுர்.

சரண் கவுர் வழியை விட்டு விலகினாள். விலகினாள் என்றால் உள்ளே கூப்பிட்டதாக அர்த்தம் இல்லை. தினமும் அப்படித்தான் விலகினாள். தினமும் பசந்த் கவுர் போனாள்.

தர்பாராதான் பேசுவான். அவனுக்குப் பொழுது போக வேண்டுமே.

"சாச்சிஜி, அன்னைக்கு எங்கள எங்க கூட்டிட்டுப் போனாரு? யாரக் கேட்டாலும் சொல்ல மாட்டேங்கறாங்க."

"பழைய சிநேகிதன் வீட்டுக்கு. பால் குடிக்க."

"பால் கெடச்சுதா?"

"வீடு பூட்டியிருந்துச்சு."

அவன் சிரித்தான். மேல் உடம்பு மட்டும் குலுங்கியது. "எனக்கு முன்னமே தோணுச்சு, இது வழி இல்லன்னு. பின்னால இருந்து கூப்பிட்டுருக்கலாம். கொடியப் போய் எப்படிக் கூப்பிடறதுன்னு..." என்றான்.

பங்குனியில் ஒரு நாள் அவனை இடது பக்கம் புரட்டியபோது, முதுகின் அடியில், வால் எலும்பு இருக்கும் இடத்தில், தோல் சிவந்து நடுவில் வெடித்திருந்தது. கட்டை விரல் அகலம். பசந்த் கவுர் குனிந்து மோந்து பார்த்தாள். இந்த மாதிரிப் புண் வந்தால் எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியும். ராத்திரியில் யாரோ புரட்ட மறந்திருக்கிறார்கள். யார் என்று கேட்டுப் பயன் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம். சரண் கவுர் மத்தியானத்திலிருந்து ராத்திரிவரை ஸ்வெட்டர் பட்டறையில் நின்றுவிட்டு வருகிறவள்.

"கொஞ்சம் வெந்நீர் வேணும் சரண். கொதிக்க வச்சு ஆற வச்சது."

சரண் கவுர் நகரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு புண்ணையே பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியும்ல," என்றாள். மூன்று மாதத்தில் அவள் பேசிய முதல் பேச்சு. "அவருக்குப் புத்தி பேதலிச்சிருக்குன்னு தெரிஞ்சுதானே முன்னால ஓட்ட விட்டீங்க."

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

பசந்த் கவுர் பதில் வைத்திருந்தாள். பல நாளாக வைத்திருந்தாள். மூலையில் உட்கார வைக்கப்பட்ட ஆண்களைப் பற்றி, அவர் முதுகு நிமிர்வதைப் பற்றி, விளக்கைப் பற்றி. இந்தப் புண்ணுக்கு முன்னால் அதில் ஒரு வார்த்தை கூட எடுபடாது.

"அவரப் பாத்தேன். உங்களப் பாக்கல," என்றாள்.

சரண் கவுர் உள்ளே போனாள். வெந்நீர் கொண்டு வரப் போனாளா, சும்மா போனாளா என்று தெரியவில்லை. தர்பாரா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். தூங்குவதுபோல் பாவனை செய்தான்.

அப்போது நான்கு வீடு தள்ளி ஜகீர் சிங் கதவைத் தட்ட ஆரம்பித்தார். முதலில் விரலால், பிறகு உள்ளங்கையால். தெருவுக்கே கேட்டது. எதிர்வீட்டில் ஒருத்தி, "பசந்த் சாச்சி, உங்க வீட்டுலதான்," என்று குரல் கொடுத்தாள்.

"கேக்குது," என்றாள் பசந்த் கவுர்.

ஒரு கையால் தர்பாராவின் இடுப்பைத் தாங்கிப் பிடித்திருந்தாள். விட்டால் அவன் புண்ணின் மேலேயே மல்லாந்துவிடுவான். தலையணை எட்டவில்லை. முழங்காலை அவன் முதுகுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, மற்றொரு கையால் போர்வையைச் சுருட்ட ஆரம்பித்தாள். தட்டும் சத்தம் நிற்கவில்லை. வெந்நீர் வருகிறதா என்று சமையலறைப் பக்கம் பார்த்தாள்.